போடி ரயில் நின்றதும் திரும்பி வந்ததும்

ஆண்டிபட்டியிலிருந்து:

மதுரை–போடி மீட்டர்கேஜ் (குறுகிய பாதை) ரயில் 2010 டிசம்பர் கடைசியோடு நின்றது. அகலப்பாதை போடப் போகிறார்கள், ரெண்டு மூணு வருஷத்தில் பெரிய வண்டியே வரும் என்று ஊரில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டோம். திரும்ப ரயில் வந்தது 2022 மே மாதம். ரயில் நின்ற பிறகு எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள் அதற்குள் ஆரம்பப் பள்ளியையே முடித்துவிட்டார்கள்.

அந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. பழைய தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போன பிறகு பாதை முழுக்கக் கருவேல முள் ஏறிவிட்டது. பட்ஜெட்டில் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பணம் வந்தது. மொத்தம் 90 கிலோமீட்டர்தான், அதையும் துண்டு துண்டாகத்தான் முடித்தார்கள். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை 37 கிலோமீட்டர், அங்கிருந்து ஆண்டிபட்டிக்கு 21, தேனிக்கு 17, போடிக்கு 15. நடுவில் ஆண்டிபட்டிக் கணவாய் இருக்கிறது. சின்ன வண்டி போன பாதையில் பெரிய வண்டி போக வேண்டுமென்றால் அங்கே பாறையை வெட்டி அகலப்படுத்தியாக வேண்டும். 2020-ல் சோதனை ஓட்டத்துக்கு எஞ்சின் வந்தபோது வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். அப்புறமும் பயணிகள் ரயிலுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தோம்.

2022 மே 26-ல் தேனி வரைக்குமான ரயிலைப் பிரதமர் சென்னையிலிருந்து தொடங்கி வைத்தார். மறுநாள் காலை மதுரையில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர். 1928-ல் வந்த இந்தப் பாதையை இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கழற்றிவிட்டு, சுதந்திரத்துக்கு அப்புறம் 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். அவர் அதைச் சொன்ன விதம் மறக்கவில்லை: “எங்க அய்யா காலத்துல ஒருதடவை கழட்டிட்டுப் போனாங்க தம்பி, என் காலத்துல ஒருதடவை. ரெண்டு பேருக்குமே திரும்பி வந்துருச்சு.” கணவாயில் வண்டி நுழைந்ததும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். அவர் மட்டும் எழுந்திருக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போடியிலிருந்து:

எங்கள் ஊருக்கு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. 2023 ஜூன் 15. அன்றைக்கே சென்னை சென்ட்ரலுக்கும் நேர் வண்டி விட்டார்கள். மீட்டர்கேஜ் காலத்தில் சென்னைக்குப் போவதென்றால் மதுரையில் இறங்கி மூட்டை முடிச்சோடு வண்டி மாற வேண்டும். அதற்குப் பயந்தே எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. ராத்திரி முழுக்க பஸ்ஸில் காலை மடக்கி உட்கார முடியாது, நினைத்த நேரத்தில் பாத்ரூம் போகவும் முடியாது. அதனாலேயே சென்னையில் மகள் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். ரயில் வந்த பிறகு கீழ் பெர்த்தில் படுத்துக்கொண்டு போய் வந்துவிட்டார். போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும்தான் அந்த வண்டி. இருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்குத் தகுந்த மாதிரிதான் இப்போது விசேஷத்துக்கே கிளம்புகிறோம்.

அந்த வண்டியில் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்காவைப் பார்த்தேன். தினமும் விடியுமுன் ஜீப்பில் மலையேறுபவர். சென்னையில் படிக்கும் மகனைப் பார்க்கப் போகிறார், ரயிலில் ஏறுவதே முதல் தடவையாம். தூங்காமல் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். கரூர் தாண்டித்தான் ரெண்டு பேரும் கண்ணயர்ந்தோம்.

தேனியிலிருந்து:

மேலே ரெண்டு பேரும் சொன்ன சந்தோஷம் எனக்கும் உண்டு. ஆனால் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

தேனி வரை மட்டும் ஓடிய சமயம் அது. ஒரு நாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் ஒரு பாட்டி, கையில் ஆஸ்பத்திரி ஃபைல். கானாவிலக்கில் இருக்கும் தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மதுரை ரயில் எப்போது என்று கேட்டார். சாயங்காலம்தான் என்றேன். “அப்பப் போயி என்னய்யா செய்யிறது, டாக்டரெல்லாம் காலையிலதான இருப்பாக” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

போடி வரை நீட்டித்த பிறகும் காலையில் மதுரையிலிருந்து வந்து, சாயங்காலம் மதுரைக்குத் திரும்பும் ஏற்பாடாகத்தான் அந்த வண்டி ஓடியது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது தலைகீழ். ஆஸ்பத்திரி, கோர்ட், காலேஜ் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் காலையில் மதுரைக்குப் போகிறோம். இவ்வளவு வருஷம் காத்திருந்து வாங்கிய பாதை இது. போடியில் ராத்திரி ஒரு வண்டியை நிறுத்திவைத்து விடிகாலை ஆறு மணிக்கு எடுத்தால் எட்டு மணி வாக்கில் மதுரை போய்விடலாம். ஓ.பி. சீட்டு வாங்க அதுவே போதும். ஊர் ஊராக மனு எழுதுகிறவர்கள் மற்ற கோரிக்கைகளுக்கு முன்னால் இதை முதலில் எழுதுங்கள்.