கிக்கப்பூ மக்கள்: துரத்தப்பட்டார்களா, தாங்களே போனார்களா?

செழியன்:
வட அமெரிக்காவின் கிக்கப்பூ பழங்குடியினரை 'விரட்டப்பட்டவர்கள்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய ஏரிகள் பகுதியில் தொடங்கி இல்லினாய், மிசூரி, கான்சாஸ், டெக்சஸ், மெக்சிகோ என்று நகர்ந்துகொண்டே இருந்தவர்கள். வீடும் அதற்கேற்றதுதான்: மரக்கொம்புகளை வளைத்துக் கட்டி, மேலே கோரைப்பாய். 1850-களில் மெக்சிகோ கோவாவிலா மாநிலத்தில் நிலமும் கொடுத்தது. விரும்பித்தானே போனார்கள்?

தேவகி:
விரும்பியா? 1819 எட்வர்ட்ஸ்வில் ஒப்பந்தத்தில் இல்லினாய் நிலம் போனது; மிசூரிக்குப் போகச் சொன்னார்கள். 1832-ல் அங்கிருந்தும் கிளப்பி கான்சாஸுக்கு அனுப்பினார்கள். மெக்சிகோ நிலமும் சும்மா வரவில்லை. அபாச்சி, கொமாஞ்சி பழங்குடியினரின் தாக்குதல்களைத் தடுக்க ஆள் தேவைப்பட்டது, அதற்கான கூலி அது.

வீட்டைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். குளிர்கால வீடு நீள்வட்டமாக இருக்கும், வாசல் கிழக்கே. நடுவில் அணையாத தீ, புகை போகக் கூரையில் திறப்பு. கோடைக்கு வேறு வீடு, முன்னால் பந்தலோடு. கோவாவிலாவில் அவர்கள் ஊரான நாசிமியெண்டோவில் இரண்டும் ஒரே வளவுக்குள் நிற்கும். சம்பங்கோரையை அறுத்துப் பாய் முடைவதும் வீடு கட்டுவதும் பெண்கள். பாயைச் சுருட்ட முடிகிறது என்பதால் ஊர் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

செழியன்:
சரி, ஆனால் கிக்கப்பூ தலைவர் கென்னெகுக்கைப் பின்பற்றியவர்கள் கான்சாஸிலேயே விவசாயம் செய்து தங்கினார்கள். அவர்கள் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தெற்கே போனவர்களும் தங்கியிருக்கலாமே?

தேவகி:
அந்தக் கென்னெகுக்தான் இல்லினாயை விட்டுக் கிளம்பாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர். 1833-ல்தான் நகர்ந்தார். உங்கள் உதாரணமே விரட்டப்பட்டவர்.

அன்வர்:
1873-ஐ இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். அமெரிக்கக் கர்னல் மெக்கன்சியின் குதிரைப்படை எல்லையைத் தாண்டி மெக்சிகோவின் ரெமோலினோவுக்குப் போய்க் குடியிருப்புகளைக் கொளுத்தியது. ஆண்களில் பெரும்பாலோர் ஊரில் இல்லை. சுமார் 40 பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். குடும்பத்தை மீட்கத்தான் பலர் இப்போதைய ஓக்லஹோமாவுக்கு வந்தார்கள். இதையும் நகர்வு என்பீர்களா?

செழியன்:
இல்லை, அது கொடுமை. ஆனால் அங்கே போகாமல் மெக்சிகோவில் தங்கியவர்கள் பின்னாளில் கூலி வேலைக்கு அமெரிக்கா வந்து போனது அவர்கள் முடிவுதான்.

அன்வர்:
வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? டெக்சஸின் எல்லை ஊரான ஈகிள் பாஸில் சர்வதேசப் பாலத்தடியில், நாணலும் அட்டையும் வைத்துக் கட்டிய குடிசைகளில். 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகுதான் அங்கே சொந்த நிலத்துக்கு வழி பிறந்தது. அதுவரை பாலத்தடியில் இருந்ததும் அவர்கள் முடிவா, செழியன்?