ஆஃப்டர் ஷேவ் பாட்டில் இப்போது யாருக்கு வேண்டும்?

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை)

*பெரியப்பா (காலை 9.10)*
அனைவருக்கும் காலை வணக்கம். ஒரு சிறு உதவி தேவைப்படுகிறது. ஓல்டு ஸ்பைஸ் ஆஃப்டர் ஷேவ் லோஷன் தீர்ந்துவிட்டது. கும்பகோணத்தில் நான் வழக்கமாக வாங்கும் கடையிலும் அதைச் சுற்றியுள்ள கடைகளிலும் கேட்டுப் பார்த்தேன், எங்கும் இல்லை. அதே பெயரில் பாடி ஸ்பிரே இருக்கிறது, தரட்டுமா என்று கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல. மாப்பிள்ளை, மன்னார்குடியில் உங்கள் கடையில் இருந்தால் ஒரு பாட்டில் எடுத்து வைக்க வேண்டுகிறேன்.

*மாமா, மன்னார்குடி (காலை 9.24)*
மச்சான், என் கடையிலும் இப்போது இல்லை. வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டேன். ஒரு காலத்தில் ஃபேன்சி ஸ்டோர் என்றால் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் ஓல்டு ஸ்பைஸும் டெனிமும் பார்க் அவென்யூவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முகூர்த்த மாதங்களில் மாப்பிள்ளைக்கு வைக்கும் வரிசைத் தட்டுக்காக ஷேவிங் செட்டோடு சேர்த்து அதையும் வாங்கிப் போவார்கள். இப்போது அந்தத் தட்டில் டிரிம்மரும் பெர்ஃப்யூமும்தான் ஏறுகின்றன. கடைசியாக வாங்கி வைத்த பாட்டில்களை விலை குறைத்துத்தான் தள்ளிவிட வேண்டியிருந்தது.

விலைதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆல்கஹால் கலந்த பொருள் என்பதால் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்குத் தனியாக எக்சைஸ் வரி இருந்த காலத்தில் நன்றாகவே விற்றது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது 28 சதவீதம் போட்டார்கள், அதே ஆண்டு நவம்பரில் 18 ஆக்கினார்கள், 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகவே குறைத்துவிட்டார்கள். அப்படியும் கேட்டு வருபவர் இல்லை.

*தம்பி (காலை 9.41)*
பெரியப்பா, கல்லூரி விடுதியில் என்னோடு இருப்பவர்களில் யாரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை. நாங்கள் டிரிம்மரால் தாடியை அளவாக வைத்துக்கொள்கிறோம். தோலில் பிளேடு படும்படி சவரம் செய்வதே அரிதாக இருக்கும்போது அதற்குப் பின் தடவுவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: அந்த லோஷன் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

*பெரியப்பா (காலை 9.58)*
நல்ல கேள்வி தம்பி. பிளேடு பட்ட இடத்தில் சீழ் பிடிக்காமல் காக்கும், முகத்தின் எரிச்சலை அடக்கிக் குளிர்ச்சி தரும், கிளம்பும்போது நல்ல மணத்தோடு கிளம்பலாம். மூன்று வேலையை ஒரே பாட்டில் செய்தது. வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்து மக்களின் முகத்துக்கு எதிரே வேலை பார்த்த எங்களுக்கு, மழித்த முகமும் அந்த மணமும் சலவைச் சட்டையைப் போலவே வேலைக்குரிய ஒழுங்கின் பகுதியாக இருந்தன. இன்றைய பிள்ளைகளுக்குச் சவரத்தை முழுமையாகச் செய்து முடிக்கும் பொறுமை குறைந்துவிட்டது என்பது என் வருத்தம்.

*அத்தை (காலை 10.15)*
அண்ணா, பொறுமையைப் பற்றிச் சொல்வதற்கு முன் நம் அப்பா எப்படிச் சவரம் செய்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பிளேடு வாங்கினால் அதை எத்தனை நாள் ஓட்ட முடியுமோ அத்தனை நாள் ஓட்டுவார். மழுங்கிப்போனால் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் வைத்து விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்த்து, கூர் வந்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் ரேசரில் மாட்டுவார். குளிக்கும் சோப்பையே நுரைத்துப் பூசிக்கொள்வார். தாடையிலும் தொண்டையிலும் கீறல் விழாத நாள் அபூர்வம். ரத்தம் வரும் இடத்தில் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து ஒட்டிக்கொள்வார், பிறகு படிகாரக் கல்லை நனைத்துத் தேய்ப்பார். நீங்கள் வேலைக்குப் போய் முதன்முதலாக அந்த வெள்ளை பாட்டிலை வாங்கி வந்தபோது அவரும் அதை ஆசையோடு தடவிப் பார்த்தார். அத்தனை கீறல் விழும் சவரத்துக்குத்தான் அத்தனை காரமான மருந்து தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

*அக்கா, தோல் மருத்துவர் (காலை 10.47)*
அத்தை சொன்னதுதான் இந்த விஷயத்தின் மையம். மழுங்கிய பிளேடு, போதாத நுரை, பலர் முகத்தில் பட்ட சலூன் கத்தி என்று இருந்த காலத்தில், சவரம் முடிந்த முகம் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு காயங்கள் நிறைந்த முகம். ஆல்கஹால் கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மை. படிகாரம் தோலின் புரதங்களைச் சுருங்கச் செய்து சிறு ரத்தக் கசிவை நிறுத்தும் என்பதும் உண்மை. பிறகு சவரமே மாறிவிட்டது. ஜில்லெட் நிறுவனத்தின் மூன்று பிளேடு கொண்ட மாக் 3 வந்தது 1998-இல், ஐந்து பிளேடு கொண்ட ஃபியூஷன் 2006-இல். ஜெல்லும் ஃபோமும் தாராளமாகக் கிடைக்கின்றன. சலூன்களில் வாடிக்கையாளர் கண்ணெதிரே புது பிளேடை உடைத்து மாட்டுகிறார்கள். டிரிம்மர் தோலைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. காயம் குறைந்தால் காயத்துக்கான மருந்தும் குறையத்தானே செய்யும்?

எரிச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெரியப்பா. அந்த லோஷன் தடவியதும் சுரீரென்று எரிவதைப் பலரும் மருந்து வேலை செய்வதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மிளகாயின் காரத்தை உணர்த்தும் நரம்பு ஏற்பி ஒன்று நம் தோலில் உண்டு. வழக்கமாக அது ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரி வரை இறங்கிவிடுகிறது, அதாவது நம் உடம்பின் சொந்தச் சூடே நெருப்புப் போலத் தெரிகிறது. அடுத்த சில நொடிகளில் ஆல்கஹால் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் குளிர்கிறது. எரிந்து குளிர்வது சுகமான அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆவியாகும்போது தோலின் எண்ணெய்ப் பசையும் குறைகிறது. வறண்ட தோலும் கரப்பான் உள்ள தோலும் அதைத் தாங்குவதில்லை.

மணப்பொருட்களாலும் தொல்லை வருவதுண்டு. மஸ்க் அம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி முன்பு ஆஃப்டர் ஷேவ் லோஷன்களில் பரவலாக இருந்தது. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனவர்கள் சிலருக்கு முகம் தடித்துச் சிவந்ததால் பின்னர் அது தடை செய்யப்பட்டது. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் எங்கள் துறையில் ஆல்கஹாலும் மணமும் இல்லாத, கிரீம் போன்ற பாம் (balm) வகைகளைப் பரிந்துரைப்பது வழக்கமாயிற்று. நிவியா போன்ற நிறுவனங்கள் 1980-களிலேயே எரியாத பாம்களை விற்கத் தொடங்கிவிட்டன.

*அத்தான், ஷார்ஜா (காலை 11.30)*
மாமா, வணக்கம். இங்கே நிலைமை வேறு மாதிரி. ஆண்கள் மணம் பூசுவதில் குறைவே இல்லை. அகில் கட்டையின் மணமான ஊத், அத்தர், சாம்பிராணிப் புகை போன்ற பகூர் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசிக்கொள்வார்கள். அத்தர் எண்ணெயில் செய்யப்படுவதால் ஆல்கஹாலைத் தவிர்ப்பவர்களுக்கும் அது ஏற்புடையதாகிறது. ஆகவே, மணத்தின் மீது ஆசை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஆசை வேறு பாட்டிலுக்கு மாறிவிட்டது.

ஆஃப்டர் ஷேவில் கலந்திருக்கும் மணப்பொருளின் அளவு குறைவு. காலையில் தடவியது மதியச் சாப்பாட்டு வேளையில் இருக்காது. ஓ டி டாய்லெட் என்ற பெர்ஃப்யூம் வகையில் அதைவிடப் பல மடங்கு இருப்பதால் மாலை வரை தாங்கும். ஒரே காசுக்கு நெடுநேரம் மணப்பதைத்தானே வாங்குவார்கள்?

நம் ஊருக்கு இங்கிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு புரூட் ஆஃப்டர் ஷேவின் பச்சை பாட்டிலும் இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. 2006-க்குப் பிறகு கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது என்ற விதி வந்தது. கண்ணாடி பாட்டிலைப் பெரிய பெட்டியில் வைத்தால் உடைந்து துணியெல்லாம் நனைந்துவிடும் என்ற பயம் வேறு. அதனாலும் வாங்குவது குறைந்தது.

*நான் (பிற்பகல் 12.20)*
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஓல்டு ஸ்பைஸின் கதையையே எடுத்துக்கொண்டால் இந்த மாற்றம் முழுவதும் அதில் தெரிகிறது. அமெரிக்காவின் ஷல்டன் நிறுவனம் அந்தப் பெயரில் 1937-இல் முதலில் பெண்களுக்கான பொருட்களைத்தான் கொண்டுவந்தது. ஆண்களுக்கானது அடுத்த ஆண்டு, 1938-இல் வந்தது. கிராம்பும் பட்டையும் வெனிலாவும் கலந்த அந்த மணமும், பாய்மரக் கப்பல் வரைந்த வெள்ளை பாட்டிலும் அப்போது பிறந்தவை. 1990-இல் புராக்டர் அண்ட் கேம்பிள் அதை வாங்கியது. 2010-இல் அந்தப் பெயரை இளைஞர்களிடம் மறுபடியும் கொண்டுபோய்ச் சேர்த்த விளம்பரம் உலகம் முழுவதும் பேசப்பட்டது; ஆனால் அந்த விளம்பரம் விற்றது பாடி வாஷ், ஆஃப்டர் ஷேவ் அல்ல. பெயரையும் கப்பலையும் வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குப் புகழ் தேடித் தந்த திரவத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பெரியப்பாவிடம் கடைக்காரர்கள் பாடி ஸ்பிரேயை நீட்டியதற்கு அடிப்படை இதுதான்.

அதே நிறுவனம் 2005-இல் ஜில்லெட்டையும் வாங்கியிருந்தது. 2019-இல் அந்தச் சவரத் தொழிலின் கணக்கு மதிப்பை ஏறத்தாழ 800 கோடி டாலர் குறைத்து எழுதியது. நாணய மாற்று விகிதமும் புதிய போட்டியாளர்களும் அதற்கான காரணங்களில் சில. வளர்ந்த நாடுகளில் ஆண்கள் முன்பைவிடக் குறைவாகச் சவரம் செய்கிறார்கள் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ரேசருக்கே இந்த நிலை என்றால் ரேசருக்குப் பின் வருவதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் பாடி ஸ்பிரே வகையில் 1999-இல் ஆக்ஸ் வந்தது, 2011-இல் ஃபாக் வந்தது. சவரம் செய்தாலும் செய்யாவிட்டாலும் சட்டைக்குள் அடித்துக்கொள்ளலாம் என்ற வசதியை அவை கொடுத்தன.

பெரியப்பா எண்ணிய மூன்று வேலைகளும் இன்றும் நடக்கின்றன. ஆனால் மூன்று வேறு பொருட்கள் செய்கின்றன. கிருமிக்குப் புது பிளேடு, எரிச்சலுக்கு பாம், மணத்துக்கு பெர்ஃப்யூம். இளைஞர்களின் பொறுமையின்மை என்று இதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தாடியைச் செதுக்கி எண்ணெய் தடவிப் பராமரிக்கத் தம்பி செலவிடும் நேரம் நிச்சயம் குறைவானதல்ல.

*பெரியப்பா (பிற்பகல் 1.05)*
நீங்கள் சொன்னதை எல்லாம் கவனமாகப் படித்தேன். பொறுமை பற்றி நான் சொன்னதற்குத் தம்பி வருத்தப்படக் கூடாது. ஆயினும் ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்று பொருட்களாகப் பிரித்தபோது ஏதோ ஒன்று குறைந்துவிட்டது. உள்ளங்கையில் சில துளிகளை ஊற்றி, இரு கைகளையும் தேய்த்து, கன்னத்தில் தட்டிக்கொண்டால் சவரம் முடிந்துவிட்டது, இனி நாள் தொடங்கலாம் என்று உடம்புக்கே தெரியும். அது நெடுநேரம் மணக்காததும் எனக்கு நல்லதாகவே படுகிறது. மெல்ல மணந்து விரைவில் அடங்கிவிடும். லிஃப்டில் நமக்கு முன் போனவரின் ஸ்பிரே நெடி நம் தொண்டையை அடைப்பதை நானும் அனுபவித்திருக்கிறேன். அடுத்தவர் மூக்கைத் தொந்தரவு செய்யாத மணம் ஒன்று ஆண்களுக்கு இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அறியாமலே போவதுதான் எனக்கு வலிக்கிறது.

*தம்பி (பிற்பகல் 1.18)*
எனக்கு எந்த வருத்தமும் இல்லை, பெரியப்பா. லிஃப்ட் பற்றி நீங்கள் சொன்னது விடுதி அறைக்கும் அப்படியே பொருந்தும். நான்கு பேர் நான்கு விதமான ஸ்பிரே அடித்தால் உள்ளே நிற்க முடியாது.

*மாமா, மன்னார்குடி (பிற்பகல் 2.02)*
மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கடைக்கு எதிரே இருக்கும் சலூனில் விசாரித்தேன். அவர் இன்னமும் சவரம் முடிந்ததும் முகத்தில் தண்ணீர் அடித்துத் துடைத்து, படிகாரம் தேய்த்து, பிறகு லோஷன் தடவுகிறார். வயதில் மூத்தவர்கள் அதை எதிர்பார்த்துக் கன்னத்தைக் காட்டுகிறார்களாம். இளைஞர்கள் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, தாடியின் ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்களாம். அவர்கள் கேட்பது கிரீமும் ஃபேஸ்வாஷும். திருச்சி மொத்த வியாபாரிக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.

*அக்கா, தோல் மருத்துவர் (பிற்பகல் 2.30)*
பெரியப்பா, இத்தனை ஆண்டுகள் உங்கள் தோல் அதைத் தாங்கியிருக்கிறது என்றால் நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. சில விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கீறல் விழுந்த இடத்தில் லோஷன் வேண்டாம். தண்ணீரில் கழுவி, ரத்தம் நிற்கும் வரை சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். லோஷன் உலர்ந்த பிறகு மணமில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவுங்கள், வயது ஏற ஏறத் தோல் வறண்டு போகும். தடிப்போ அரிப்போ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள். பாட்டிலை அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தள்ளி வைக்க வேண்டும் என்பதைப் பெரியம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். அது எளிதில் தீப்பற்றக் கூடியது.

*அத்தை (பிற்பகல் 2.44)*
படிகாரக் கல் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது, அண்ணா. சின்னக் கீறலுக்கு அது போதாதா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

*அக்கா, தோல் மருத்துவர் (பிற்பகல் 2.51)*
சின்னக் கீறலுக்கு நிச்சயம் போதும், அத்தை. ஒருவர் பயன்படுத்திய கல்லை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

*மாமா, மன்னார்குடி (மாலை 4.20)*
மச்சான், திருச்சியிலிருந்து பதில் வந்துவிட்டது. கையிருப்பில் கொஞ்சம் இருக்கிறதாம். உங்களுக்கு இரண்டு பாட்டில் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை சரக்கு வண்டியில் வரும். வெள்ளிக்கிழமை நானே கும்பகோணம் வருகிறேன், நேரில் கொடுத்துவிடுகிறேன்.

*பெரியப்பா (மாலை 4.33)*
மிக்க நன்றி, மாப்பிள்ளை. மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான். வரும் வழியில் எனக்கென்று தனியாக ஒரு படிகாரக் கல்லும் வாங்கி வாருங்கள்.