புதுப்பிப்பு: ‘ஆகவே’ வந்தாலே அதுதான் முடிவா?

சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டின் லாஜிக்கல் ரீசனிங் பகுதியில் மைய முடிவை, அதாவது எழுதியவர் கடைசியில் நிறுவ வரும் கருத்தை, பிடிப்பது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர், “‘ஆகவே’ இருக்கிற வரியை டிக் அடித்தால் போதாதா அண்ணா?” என்று கேட்டிருந்தார். போதாது தம்பி. நம்ம வடசென்னை ஏரியா உதாரணமே பாருங்கள்:

“விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால் பஸ்களைக் குறைக்கலாம் என்கிறார்கள் சிலர். அது சரிவராது. மணலிக்கு மெட்ரோ இல்லை. ஆகவே அங்கே இருப்பவர்களுக்கு பஸ்தான் வழி.”

‘ஆகவே’ கடைசி வரியில் இருக்கிறது. ஆனால் அது இடைமுடிவுதான். ‘மணலிக்கு மெட்ரோ இல்லை’ என்பது ‘பஸ்தான் வழி’ என்பதைத் தாங்குகிறது, ‘பஸ்தான் வழி’ போய் ‘சரிவராது’ என்பதைத் தாங்குகிறது. அந்தச் ‘சரிவராது’தான் மைய முடிவு. சந்தேகம் வந்தால் இரண்டு வரிகளுக்கும் நடுவில் ‘ஏனென்றால்’ போட்டுப் படியுங்கள். “குறைப்பது சரிவராது, ஏனென்றால் மணலிக்காரர்களுக்கு பஸ்தான் வழி” பொருந்துகிறது. திருப்பிப் போட்டால் உளறலாகிவிடும்.

அப்புறம், “சிலர் சொல்கிறார்கள்” என்று தொடங்கினால், எழுதியவர் அதை மறுக்கத்தான் பெரும்பாலும் வருகிறார். மறுக்கும் வரி ‘அது சரிவராது’ என்று குட்டியாக இருக்கும், கண்ணில் படாது. விடையிலோ ‘பஸ்களைக் குறைக்கக்கூடாது’ என்று விரித்துக் கொடுத்திருப்பார்கள்.

120 கேள்விக்கு 120 நிமிடம், தப்புக்குக் கால் மார்க் போய்விடும். அதனால் இந்த ‘ஏனென்றால்’ சோதனையை இரண்டு விடைகளுக்கு நடுவில் இழுபறி வரும்போது மட்டும் போடுங்கள்.