கடலூரில் வீடு விற்பனை: பேசி முடிச்ச பார்ட்டியெல்லாம் பின்வாங்குறாங்க, என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பம் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்துல அப்பா 1986ல கட்டின வீடு. மாடி போர்ஷன் 2003ல எடுத்தது. அப்பா போனதுக்கப்புறம் அம்மாவால தனியா சமாளிக்க முடியல, முட்டிவலி வேற. நான் திருச்சியில, தம்பி துபாய்ல. வித்துட்டு அம்மாவை என்கூட வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணி, 58 லட்சம் விலை சொல்லியிருக்கோம்.

ஆளுங்க வராம இல்ல. வர்றாங்க, பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க, டோக்கன் அட்வான்ஸும் கொடுக்கிறாங்க. அப்புறம் போனே எடுக்க மாட்டேங்கிறாங்க. முதல்ல நெய்வேலியிலேர்ந்து ஒரு குடும்பம் வந்துச்சு. அந்தம்மா டேப் வெச்சு ஃபிரிட்ஜ் வைக்கிற இடத்தை அளந்தாங்க, பின்பக்கத்து வேப்பமரத்தை வெட்டவே கூடாதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. அவ்வளவு ஆசை. லோன் நினைச்ச அளவுக்கு வரலைன்னு விட்டுட்டாங்க. அடுத்து சிப்காட் தொழிற்பேட்டையில வேலை பார்க்கிற ஒரு பையன். அவங்க அப்பா தெருவுல விசாரிச்சுட்டு, "2015ல இங்க தண்ணி நின்னுச்சாமே"ன்னு ஒதுங்கிட்டார். ரெண்டாவது படி வரைக்கும் வந்தது உண்மை, உள்ள வரல. கடைசியா வந்தவங்க ஆடி பொறக்கறதுக்குள்ள கிரயம் முடிக்கணும்னாங்க. தம்பிக்குப் பதிலா நாங்க கையெழுத்துப் போடறதுக்கான பவர் பத்திரம் வரத் தாமதமானதும் வேற வீடு பார்த்துட்டாங்க.

எனக்கு அம்மாவை நினைச்சாத்தான் தாங்கல. ஒவ்வொரு தடவையும் செவப்புத் தரையைத் துடைச்சு, கோலம் போட்டு, காபி கலந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. சிப்காட் பையன் டோக்கன் கொடுத்த அன்னிக்கே ஆட்டுக்கல்லை எதிர்வீட்டுக்குக் கொடுத்து, பாத்திரத்தையெல்லாம் சாக்குல கட்டிட்டாங்க. இப்ப சமைக்கிறதுக்கு ஒவ்வொண்ணா சாக்குலேர்ந்து எடுத்து, கழுவித் திரும்ப உள்ள போடுறாங்க. "நம்ம வீட்டுல அப்படி என்னடி குறை?"ன்னு கேக்கிறாங்க.

அஞ்சு லட்சம் குறைச்சா உடனே போகும்னு புரோக்கர் சொல்றார். குறைக்கலாமா? இதைக் கடந்து வந்தவங்க சொல்லுங்க.

பண்ருட்டி ரோடு:

அக்கா, விலையைக் குறைக்காதீங்க. நீங்க எழுதினதையே திரும்பப் படிச்சுப் பாருங்க. விலகினவங்கள்ல ஒருத்தராவது விலை ஜாஸ்தின்னு சொன்னாங்களா? லோன், தண்ணி, பவர் பத்திரம் – மூணுமே வேற வேற காரணம். அஞ்சு லட்சம் விட்டுக்கொடுத்தாலும் அந்த மூணும் அப்படியேதான் இருக்கும்.

தண்ணி விஷயத்தை வீடு காட்டும்போதே நீங்களா சொல்லிடுங்க. தானே புயல், 2015 வெள்ளம், 2024ல ஃபெஞ்சலுக்கு அப்புறம் தென்பெண்ணை ஊரைச் சுத்தினது, இதெல்லாம் பார்த்த ஊர். இங்க வீடு வாங்கறவங்க தெருவுல விசாரிக்காம வாங்க மாட்டாங்க. படியைக் காட்டி "இதுவரைக்கும் வந்துச்சு, இதுக்கு மேல ஏறல"ன்னு சொல்லிட்டா, பயப்படுறவர் அன்னிக்கே போயிடுவார். டோக்கன் வாங்கி நம்பிக்கை வந்தப்புறம் போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

திருப்பாதிரிப்புலியூர்ல எங்க வீட்டை வித்தப்ப, பார்ட்டி வர்ற நேரத்துல அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிடுவோம். பெரியவங்க காபியோட நிக்கும்போது யாருக்கும் குறை சொல்ல வாய் வராது. நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போய், அப்புறம் போனை எடுக்காம விட்டுடுவாங்க. அக்ரிமெண்ட் ரிஜிஸ்டர் ஆகிற வரைக்கும் வீட்டுல எதையும் கட்ட வேணாம், யார்கிட்டயும் எதையும் கொடுக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:

சகோதரி, வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் அந்த நெய்வேலிக் குடும்பத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். பத்திரத்தில் எவ்வளவு எழுதுவதாகப் பேசினார்கள்? அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குத்தான் எழுதுவோம் என்றார்களா? அப்படியானால் சிக்கல் அங்கேதான்.

ஒரு பேச்சுக்குப் பத்திரத்தில் 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதில் 80 சதவீதம் கொடுத்தாலும் 32 லட்சம்தான். மீதி 26 லட்சத்தையும், முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்ந்த 3.6 லட்சத்தையும் வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். கிட்டத்தட்ட 30 லட்சம். உள்ளபடி 58 லட்சத்துக்கே எழுதினால் கடன் 46 லட்சத்தைத் தாண்டும். பத்திரச் செலவு 5.2 லட்சம் ஆனாலும் கைப்பணம் 17 லட்சம் போதும். ஒன்றரை லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் புரட்ட முடியாமல் விலகிய எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குறைத்து எழுதுவது சட்டப்படியும் தவறு. முழு விலைக்குத்தான் பத்திரம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். 50 லட்சத்தைத் தொட்டால், இந்தியாவில் இருக்கும் உங்கள் பங்குக்கு வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் (துபாயில் இருக்கும் தம்பியின் பங்குக்கு விதி வேறு), அதையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள். முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். 2015 ஜூன் முதல் அதற்குத் தடை, அபராதம் வாங்கியவர் தலையில்தான் விழும்.

இன்னொன்று. 2003 மாடிக்கு அனுமதி வாங்கிய பிளான் இருக்கிறதா? இல்லாவிட்டால் எந்த விலைக்கு எழுதினாலும் கடன் இழுபறிதான். பார்ட்டி வரும் முன்பே நீங்களே ஒரு வக்கீலிடம் தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கி வையுங்கள். வாங்குபவரின் வங்கி அதன் வக்கீலை வைத்து மறுபடி பார்க்கும். ஆனால் ஓட்டை எங்கே என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பத்திர எழுத்தர்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்லேர்ந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணியே ஆகணும். பதிவானா அது வில்லங்கச் சான்றுல (ஈசி) ஏறிடும். பார்ட்டி நடுவுல விலகினா அந்தப் பதிவு தானா போகாது. அவரும் ஆபீசுக்கு வந்து ரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். இல்லன்னா அடுத்து வர்றவர் ஈசியைப் பார்த்துட்டே ஓடிடுவார். அதனால கெடுவைத் தெளிவா எழுதுங்க, ரத்துப் பதிவு முடியறப்பத்தான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்க. விலகினா எவ்வளவு பிடிச்சுக்கலாம்கிறதையும் அதுலயே எழுதிடணும். வெறும் டோக்கன் வாங்கினதுக்காக மத்த பார்ட்டியை நிறுத்தாதீங்க, அதையும் டோக்கன் கொடுக்கிறவர்கிட்டயே சொல்லிடுங்க.

தம்பி பவரை இப்பவே வாங்கி வைங்க. துபாய் இந்தியத் துணைத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பினா, இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டிடணும்.

மஞ்சக்குப்பம் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, நீங்க கேட்டது சரிதான், அவங்க வழிகாட்டி மதிப்புக்குத்தான் எழுதணும்னாங்க. இந்தக் கணக்கை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்ப வீட்டுமேல குறை இல்ல, அவங்க கையில காசு இல்ல"ன்னு சொன்னாங்க. ரொம்ப நாளைக்கப்புறம் அம்மா குரல்ல ஒரு தெம்பு.

பண்ருட்டி ரோடு தம்பி, அம்மாவை வெளிய அனுப்பறது மட்டும் நடக்காது. இந்த வீட்டுல யார் குடிவரப் போறாங்கன்னு கண்ணால பார்க்கணும்கிறாங்க. அது அவங்க உரிமை, நான் தடுக்க மாட்டேன். குறையிருந்தா வெளிய வந்ததும் என்கிட்ட நேரா சொல்லிடுங்கன்னு வர்றவங்களைக் கேட்டுக்கறேன்.

விலையைக் குறைக்கலைன்னு புரோக்கர்கிட்ட சொல்லியாச்சு. தம்பி துணைத் தூதரகத்துக்கு அப்பாயின்ட்மெண்ட் போட்டுட்டான். மாடிக்கு வீட்டுவரி ரசீது எல்லா வருஷத்துக்கும் இருக்கு, பிளான் மட்டும் அப்பா பெட்டியில கிடைக்கல. 2003ல கடலூர் நகராட்சியாத்தானே இருந்துச்சு, அப்ப வாங்கின அனுமதிக்கு இப்ப மாநகராட்சி ஆபீஸ்ல நகல் எடுத்தவங்க யாராவது இருந்தா, மனுவோட எதையெல்லாம் வெச்சுக் கொடுத்தீங்கன்னு சொல்லுங்க.