உதவி: கடவு எண்ணே தெரியாத முகவரால் பெட்டகத்தைத் திறக்க முடியும் என்று விடை வருகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். ஏடிஇஎல் (ATEL: யாரால் எதைச் சாதிக்க முடியும், யாருக்கு என்ன தெரியும் என்று சூத்திரமாக எழுதும்) தருக்கத்துக்குப் பைதானில் ஒரு சின்ன மாதிரிச் சரிபார்ப்பான், அதாவது ஒரு மாதிரியில் சூத்திரம் உண்மையா என்று பார்க்கும் நிரல், எழுதியிருக்கிறேன். அலூர், ஹென்சிங்கர், குப்ஃபர்மன் மூவரும் 1997-இல் கொண்டுவந்த, வல்லமையை மட்டும் பேசும் ஏடிஎல்லோடு (ATL) வான் டெர் ஹூக்கும் வூல்ட்ரிட்ஜும் அறிவைச் சேர்த்தார்களே, அதுதான். சோதனைக்கு ஒரு பெட்டகம் வைத்தேன். கடவு எண் 0 அல்லது 1, அதனால் தொடக்க நிலைகள் இரண்டு; முகவர் (செயல்படுபவர்) அ-வுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். சரியான பொத்தானை அழுத்தினால் திறக்கும், தவறினால் மணி அடித்து எல்லாம் முடிந்துவிடும். “அடுத்த நிலையில் திறக்க வைக்கும் வல்லமை தனக்கு உண்டு என்று அ-வுக்குத் தெரியும்” என்ற சூத்திரத்தைக் கொடுத்தால் ‘உண்மை’ என்கிறது. எந்தப் பொத்தான் என்றே தெரியாதவர் எப்படித் திறப்பார்? நிரலை வரிவரியாகப் பார்த்துவிட்டேன், எல்லாம் வரையறைப்படிதான் இருக்கிறது.

பதில் 1:
நிரலில் பிழை இல்லை, வரையறையே அப்படித்தான். 0 நிலையில் ஒரு உத்தி (எந்த நிலையில் எதைச் செய்வது என்ற திட்டம்) இருக்கிறது, 1 நிலையில் வேறொரு உத்தி இருக்கிறது, ஆகவே அவர் சாத்தியம் என நினைக்கும் எல்லா நிலையிலும் ‘ஏதோ ஒரு உத்தி உண்டு’ என்பது உண்மைதான். நீங்கள் கேட்க விரும்புவதோ ‘எல்லா நிலைக்கும் பொருந்தும் ஒரே உத்தி’ உண்டா என்பது. உத்தியைச் சீராக்குங்கள், அதாவது பிரித்தறிய முடியாத நிலைகளில் ஒரே செயலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துங்கள்.

கேட்டவர்:
நன்றிங்க. சீரான உத்திகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். இப்போதும் ‘உண்மை’!

பதில் 2:
அதுவும் எதிர்பார்த்ததுதான். “எப்போதும் 0-ஐ அழுத்து” என்பது சீரான உத்தி, 0 நிலையிலிருந்து பார்த்தால் வெல்லவும் செய்கிறது. 1-க்கும் அப்படியே ஒன்று இருக்கிறது. அந்த உத்தி, அ இப்போது நிற்கிற நிலையிலிருந்து மட்டும் வென்றால் போதாது, அ-வால் பிரித்தறிய முடியாத அத்தனை நிலையிலிருந்தும் வெல்ல வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். போட்டுவிட்டால் அறிவுக் குறி (‘அ-வுக்குத் தெரியும்’ என்பது) வெளியில் தனியாகத் தேவைப்படாது, வல்லமைக்குள்ளேயே அது வந்துவிடும்.

கேட்டவர்:
இப்போது ‘பொய்’ வருகிறது, அருமை! அப்புறம் குழு என்றால் யாருடைய கண்ணால் பிரித்தறிவது?

பதில் 2:
கேட்க வேண்டிய கேள்வி அதுதான், ஒற்றை விடை கிடையாது. இரண்டு இலக்கக் கடவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கத்தை அ-வும் இரண்டாவதை ஆ-வும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அவரவர் அழுத்தும் இலக்கம் அவரவருக்குத் தெரிந்தால், முழு எண் யாருக்கும் தெரியாமலே குழு திறந்துவிடும், அது இருவருக்கும் பொது அறிவாகவும் (இருவருக்கும் தெரியும், மற்றவருக்குத் தெரியும் என்பதும் தெரியும், இப்படியே நீள்வது) இருக்கும். இப்போது மாற்றிப் போடுங்கள்: அ-வுக்கு இரண்டாவது இலக்கமும் ஆ-வுக்கு முதலாவதும் மட்டும் தெரியும். அறிவைக் கூட்டிப் பார்த்தால் எண் முழுதும் கையில் இருக்கிறது, ஆனால் பேசிக்கொள்ள வழியில்லாமல் திறக்க முடியாது. பங்கிட்ட அறிவை, அதாவது இருவரின் ‘பிரித்தறிய முடியாமை’த் தொடர்புகளின் வெட்டை (இருவருமே பிரித்தறிய முடியாத நிலைகளை மட்டும்) எடுத்தால் ‘உண்மை’ வரும். ஒன்றிப்பை (ஒருவராவது பிரித்தறிய முடியாத எல்லா நிலைகளையும்) எடுத்தால் ‘பொய்’. யம்ரோகாவும் ஓகொட்னஸும் 2007-இல் இந்த வகைகளைத் தனித்தனிக் குறிகளாகவே பிரித்தார்கள். உங்கள் மாதிரியில் செய்தி அனுப்பும் செயல் இல்லாவிட்டால் வெட்டை எடுக்காதீர்கள். செய்தி அனுப்பும் செயல் வைத்தால், வந்த இலக்கத்தைப் பெறுபவரின் உள்நிலையில் சேமியுங்கள், நினைவற்ற உத்திக்கு, அதாவது இப்போதைய நிலையை மட்டும் பார்க்கும் உத்திக்கு, வேறு வழியில்லை.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்கிறேன். இருவரும் இடது பொத்தானை அழுத்தினாலும் திறக்கும், இருவரும் வலதை அழுத்தினாலும் திறக்கும், ஆளுக்கொன்று என்றால் திறக்காது என்று ஒரு மாதிரி போட்டுப் பாருங்கள். நிலை ஒன்றே, அறிவில் குறையே இல்லை, சூத்திரமும் ‘உண்மை’ என்னும். ஆனால் எதை அழுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் நடக்கும். அந்த ஒப்பந்தம் நடந்துவிட்டதாக இந்தத் தருக்கம் எடுத்துக்கொள்கிறது, விளைவைப் படிக்கும்போது மனதில் வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கடந்ததை எல்லாம் நினைவில் வைக்கும் உத்திகளையும் சேர்க்கலாமா?

பதில் 2:
வேண்டாம். முழுத் தகவல் இருந்தால் ஏடிஎல் சரிபார்ப்பு மாதிரியின் அளவுக்கு நேர்விகிதத்தில் முடியும். அரைகுறைத் தகவல், நினைவில்லா உத்தி என்றாலே என்பி-யை (NP: விடையைக் கொடுத்தால் விரைவில் சரிபார்க்கக்கூடிய கணக்குகளின் வகை) விடக் கடினமாகக் கருதப்படும் வகைக்குப் போகிறது. அரைகுறைத் தகவலோடு முழு நினைவும் சேர்ந்தால் குழுக்களைப் பற்றிய சூத்திரங்களை எந்த நிரலாலும் தீர்மானிக்கவே முடியாது என்று டிமாவும் டிப்லேயாவும் நிறுவிவிட்டார்கள். நினைவு வேண்டுமென்றால் கடைசி இரண்டு மூன்று நகர்வை மட்டும் உள்நிலையில் வையுங்கள்.