சி வயருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

ஸ்கார்பரோவிலிருந்து:

கனடாவிலிருந்து எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். வீட்டில் இருப்பவர்கள் தாங்களே தெர்மோஸ்டாட் (வீட்டுச் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவி) மாற்றுவதற்கான எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வாசிக்கப்போவது அநேகமாக எங்கள் அம்மா அப்பா வயதுக்காரர்கள். ஐந்து பக்கம் தடையில்லாமல் போனது. ஆறாம் பக்கத்தில் சி வயர் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

விஷயம் இதுதான். நிலக்கீழ் அறையில் நிற்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குள் ஒரு சின்ன மின்மாற்றி 120 வோல்ட்டை 24 ஆகக் குறைக்கிறது. அதன் ஒரு முனை ஆர் (R), மறுமுனை சி (C). பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்: ஆரையும் டபிள்யூவையும் (W) தொட வைத்தால் சூடு, ஆரையும் வையையும் (Y) தொட வைத்தால் குளிர், ஜி (G) விசிறிக்கு. அதற்கென்று அந்த 24 வோல்ட்டிலிருந்து எதுவும் வேண்டாம், ஆகவே பல பழைய வீடுகளில் சியைச் சுவர் வரைக்கும் கொண்டுவந்து இணைக்கவே இல்லை. புதிய ஸ்மார்ட் வகைக்குத் திரை, வைஃபை எல்லாம் இருப்பதால் நாள் முழுக்க மின்சாரம் ஓட வேண்டும், ஓடினால் திரும்ப ஒரு வழி வேண்டும், அதுதான் சி. சி என்பது காமன் (common) என்பதன் முதலெழுத்து, ஆகவே "பொதுக்கம்பி" என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்தோ?" என்றார்.

கோவையிலிருந்து:

தங்கையே, அம்மா கேட்டதில் பிழையே இல்லை. பொது என்பது நமக்கு ஊருக்கெல்லாம் உரியது. தில்லை அம்பலத்துக்கே பொது என்று பெயர். புறநானூறு எட்டாம் பாட்டில் கபிலர், சேரன் "போகம் வேண்டிப் பொதுச்சொல் பொறாஅது" வாழ்ந்தவன் என்கிறார், அதாவது உலகம் மற்ற அரசர்களுக்கும் பொது என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. மன்றத்தைக் குறிக்கும் பொதியில் என்ற சொல்லையும் பொது இல் என்று பிரிப்பார்கள், பொதிகை மலைக்கும் அதே பெயர் எப்படி வந்தது என்பதைத் தனி மடலாகவே எழுத வேண்டும், எழுதுகிறேன். இப்போதைக்கு: செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வையுங்கள். மீள்கம்பி. வினைத்தொகை. மீண்ட, மீள்கிற, மீளும், முக்காலத்துக்கும் நிற்கும்.

சென்னையிலிருந்து:

ஐயா, வினைத்தொகை அழகுதான். ஆனால் நொடிக்கு 120 தடவை திசை மாறுகிற மின்னோட்டத்தில் எது போகிறது, எது மீள்கிறது? அப்புறம் கம்பி. ஜன்னலில் இருப்பது கம்பி, ஜெயிலில் எண்ணுவது கம்பி, கடன் வாங்கியவன் நீட்டுவது கம்பி. பிளாஸ்டிக் உறை போட்ட, நூல் கனத்துச் செம்பை ஊரில் எல்லாரும் வயர் என்றுதான் சொல்கிறார்கள். கருவியில் ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கிறது, வாசிப்பவர் அதைத்தான் தேடப்போகிறார். சி வயர் என்றே விட்டுவிடுங்கள். நல்ல சொல் தானாக ஒட்டும். மும்முனை மின்சாரம் என்று விவசாயிகள் சொல்கிறார்களே, பம்ப்செட் அதில் ஓடுகிறது, அதனால் ஒட்டியது. இலக்கணக் குறிப்பு யாரும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஒரு எச்சரிக்கை. "24 வோல்ட் ஏசி" என்று மட்டும் எழுதிவிடாதேயுங்கோ. குளிரூட்டியைப் பற்றிய கையேட்டில் ஏசி என்றால் சனம் குளிரூட்டி என்றுதான் விளங்கிக்கொள்ளும், 24 வோல்ட்டில் ஓடும் குளிரூட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கும். எங்கள் பாடநூல்களில் அது ஆடலோட்டம். தமிழ்நாட்டார் மாறுதிசை மின்னோட்டம் என்கிறீர்கள், எங்களுக்கு அது நீளம். ஊஞ்சல் மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் ஆடுவது ஆடல் என்ற சொல்லிலேயே தெரிகிறது. மின்மாற்றியும் எங்களுக்கு நிலைமாற்றி. இந்தக் கையேடு எந்தக் கரைக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டா, தேர்மோஸ்ரற்றா என்பதற்கும் அப்போதுதான் விடை வரும்.

கோவையிலிருந்து:

இரண்டும் வேண்டாம். வெப்பநிலைநிறுத்தி.

சென்னையிலிருந்து:

ஐயா, ஜனவரியில் ஸ்கார்பரோ பாட்டி ஒருத்தர் "நிறுத்தி" என்று படித்தால் அது வெப்பத்தை நிறுத்திவிடும் என்று பயந்து தொடவே மாட்டார்.

கோவையிலிருந்து:

நில் என்பதன் பிறவினை நிறுத்து. நிற்கச் செய்வது. பந்தற்கால் நிறுத்தினான், சாட்சி நிறுத்தினான் என்றால் இல்லாமல் செய்தான் என்றா பொருள்? பேருந்தை நிறுத்தும் பொருளுக்கு நாம் பழகிவிட்டோம், அது சொல்லின் குற்றமல்ல.

சிங்கப்பூரிலிருந்து:

ஸ்மார்ட்டுக்கு என்ன போடுகிறீர்கள்? இங்கே அறிவார்ந்த என்கிறோம். தமிழ்நாட்டில் சிலர் சூட்டிகை என்கிறார்கள், இந்தக் கருவிக்கு அது இரட்டிப்புப் பொருத்தம், சூட்டைப் பார்க்கும் சூட்டிகை. சிக்கு என் பரிந்துரை நீலக்கம்பி. படத்தில் எல்லாம் நீலமாகத்தான் இருக்கிறது.

மார்க்கத்திலிருந்து:

நானும் கனடாதான், மார்க்கம் ஸ்கார்பரோவுக்குப் பக்கத்து ஊர். தமிழ் படித்தவன் இல்லை, ஃபர்னஸ் வேலை செய்கிறவன். இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், நீலக்கம்பி என்றதும் எழுத வேண்டியதாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். போன கிழமை ஒரு வீட்டில் தகட்டைக் கழற்றினேன், நாலு கம்பி பூட்டியிருந்தது, ஐந்தாவது நீலம், வெளியுறையில் மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே தள்ளியிருந்தது. கீழே ஃபர்னஸ் பக்கமும் அதே மாதிரிச் சுற்றி விட்டிருந்தது. இரண்டு முனையையும் சியில் பூட்டினால்தான் அது சி, அதுவரை வெறும் நீலம். இன்னொரு வீட்டில் நீலம் வையில் இருந்தது, சிக்குக் கறுப்பு. நிறத்தை நம்பி ஆரையும் சியையும் முட்டவிட்டால் ஃபர்னஸ் பலகையில் இருக்கும் 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும், காரில் போடுகிற தட்டை ஃபியூஸ்தான், சில டாலர். ஆனால் ஆட்கள் புது தெர்மோஸ்டாட் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். சி இல்லாமலே பூட்டலாம் என்று சில பெட்டியில் போட்டிருக்கும், அது சூடாக்கும் சுற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைத் திருடி ஓடும், சில ஃபர்னஸ் அதற்கு ராவிரவாக டிக் டிக் என்று அடிக்கும்.

இன்னொன்று, சுவருக்குள் இரண்டே இரண்டு தடித்த வயர் கண்டால் தொடாதீர்கள். அது பேஸ்போர்ட் ஹீட்டர், சுவரடியில் பூட்டும் மின்சூடாக்கி, 240 வோல்ட். அதையும் பிரேக்கரை முதலில் அணைப்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். நாங்கள் வேலையில் சொல்வது "சி", அவ்வளவுதான். அதற்கு வால் எதுவும் இல்லை.

ஸ்கார்பரோவிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி, வியாழன் இரவு பதினொரு மணி, இனி ஏலாது. எண்ணிப் பார்த்தேன்: சி வயர் என்று மூன்று பேர், பொதுக்கம்பி என்று இரண்டு பேர் (ஒருவர் தனிமடலில்), மீள்கம்பிக்கு ஐயா மட்டும். ஆறாம் பக்கத்தில் இப்படிப் போட்டுவிட்டேன்: "சி என்று குறித்த முனையில் பூட்டும் கம்பி. மின்சாரம் மின்மாற்றிக்குத் திரும்பும் பொதுவழி இது. நிறத்தைப் பார்க்க வேண்டாம், எழுத்தைப் பாருங்கள்." அதன்பிறகு எல்லா இடத்திலும் சி கம்பி. ஸ்மார்ட் ஸ்மார்ட்டாகவே நிற்கிறது. ஏசி வருகிற இடத்தில் மாறுதிசை மின்னோட்டம் என்று போட்டு, யாழ்ப்பாணத்து அண்ணாவுக்காக ஆடலோட்டத்தை அடைப்புக்குள் வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்குத் திரும்ப வாசித்தேன். இந்தமுறை கேட்டது, "எங்கட வீட்டில அது இருக்கோ?" திறந்து பார்த்தோம். நாலு கம்பி. சுற்றி வைத்தது ஒன்றும் இல்லை. மார்க்கம் அண்ணா, சனிக்கிழமை ஓய்வா?

கோவையிலிருந்து:

பொதுவழி என்று எழுதிய கையால் மீள்வழி என்று எழுதியிருக்கலாம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பொதிகை பற்றிய மடல் பாதி எழுதியாயிற்று.

மார்க்கத்திலிருந்து:

சனி பத்து மணிக்கு வருகிறேன். சுவருக்குள் புதுக் கம்பி இழுக்கத் தேவையில்லை, ஃபர்னஸ் பக்கம் ஒரு அடாப்டர் போட்டால் அந்த நாலே காணும். ஃபர்னஸ் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டை ஏதும் அடுக்கியிருந்தால் எடுத்து வையுங்கோ.