சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடம் பக்கம் போறவங்க ஒரு உதவி செய்ய முடியுமா?

சிங்கப்பூர்ல இருக்கிற நண்பர்களுக்கு வணக்கம். எங்க சின்ன தாத்தா, அதாவது தாத்தாவோட தம்பி, மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவுல இருந்தவர். பழைய வடாற்காடு ஜில்லா, வேலூர் பக்கம். 1942 பிப்ரவரி 15 அன்னைக்கு சிங்கப்பூர் விழுந்தப்போ ஜப்பான்காரங்ககிட்ட பிடிபட்டார். கைதியாவே இறந்துட்டார்னு போர் முடிஞ்சப்புறம்தான் வீட்டுக்குத் தகவல் வந்துச்சாம். கல்யாணம்கூட ஆகாத வயசு.

எங்கே இறந்தார்னு யாருக்கும் தெரியல. பிடிபட்ட இந்திய வீரர்கள்ல பல பேரை நியூ கினி, நியூ பிரிட்டன்னு பசிபிக் தீவுகளுக்குக் கப்பல்ல ஏத்திட்டுப் போய் வேலை வாங்கினாங்க. பசியிலயும் நோயிலயும் போனவங்க ஏராளம். நேதாஜியோட ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) பத்திப் பேசற அளவுக்கு இவங்களைப் பத்தி நாம பேசறதே இல்ல, அது வேற வருத்தம்.

கல்லறை தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவங்க பேரு கிராஞ்சி நினைவுச் சுவர்கள்ல இருக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல தேடினப்போ, சின்ன தாத்தாவோட அப்பா பேரும் ஊரும் பொருந்துற ஒரு பதிவு கிடைச்சது. எந்தச் சுவர்னு நம்பரும் இருக்கு. அந்தப் பக்கம் போறவங்க யாராவது அந்தப் பேரை மட்டும் தெளிவா ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீங்களா? விவரம் இன்பாக்ஸ்ல தர்றேன்.

இன்னொண்ணு: பெங்களூர்ல இருக்கிற சாப்பர்ஸ் தலைமையகத்துல பழைய பதிவேடு கேட்டு வாங்கினவங்க இருந்தா, யாருக்கு எழுதணும்னு சொல்லுங்க.